குதிரும் திரிகையும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேசப் புகுந்த பொருள் நினைவு என்பதாகும். தமிழாசிரியருக்கு மின்பொறிகளைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் வினவலாம். நூற்பாக்களை முதலில் மனனஞ்செய்து, பின்னர் அவற்றின் பொருளுணர்ந்து புலமைக் கல்வி பயின்றவர் யாம். ஆதலின், பொறிக்கு நினைவு அமைக்கும் ஒரு முயற்சியைக் கேள்வியுற்றபொழுது, அதனை ஆராயாதிருக்க எம்மால் இயலவில்லை.

கேழ்வரகு அரைக்கும் வீட்டை எண்ணிப்பாருங்கள். குதிர் ஊரின் ஒரு கோடியிலும் திரிகை மறுகோடியிலும் இருக்குமாயின், ஒவ்வொரு பிடி தானியத்திற்கும் நடந்து நடந்தே ஒருத்தி களைத்துப்போவாள். இன்றைய கணிப்பொறியின் நிலையும் இத்தகையதே. 1945-இல் ஜான் வான் நியூமன் என்னும் கணித அறிஞர் எழுதிய அறிக்கையைத் தழுவி வந்த அமைப்பில், நினைவகம் ஓரிடத்தும் கணக்கிடும் உறுப்பு வேறோரிடத்தும் உள்ளன. எண்கள் இவ்விரண்டிற்கும் இடையே ஓயாது போய்வருதலிலேயே காலமும் மின்சாரமும் பெரிதும் செலவாகின்றன. செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் மின்சாரத்தை மிகுதியாக உண்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

நம் மூளையோ ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்களைக் கொண்டதாயினும், ஒரு சிறு விளக்குக்குப் போதுமான 20 வாட் அளவு ஆற்றலிலேயே தொழிற்படுகின்றது. அங்கே குதிரும் திரிகையும் ஓரிடத்தன. நரம்பணுக்கள் கூடும் இணைப்புகளே நினைவைத் தாங்குகின்றன. சிந்தனையும் அவற்றின் வழியே நிகழ்கின்றது.

இப்பண்புடைய மின்னுறுப்பு ஒன்று இருத்தல் கூடும் என்று 1971-இல் லியோன் சுவா என்னும் பேராசிரியர் கணித வழியாற் காட்டினார். தன்னூடு சென்ற மின்னோட்டத்தை நினைவிற்கொண்டு தன் தடையை மாற்றிக்கொள்ளும் அதற்கு மெம்ரிஸ்டர் என்று பெயரிட்டார். 37 ஆண்டுகள் கழித்து, 2008-இல், ஹியூலட் பக்கார்டு ஆய்வகத்து ஸ்டான்லி வில்லியம்ஸ் குழுவினர் அத்தகைய உறுப்பொன்றைச் செய்து காட்டினர்.

இனி, நமக்கு அண்மையிலுள்ள செய்திக்கு வருவோம். நம் தருமபுரியினின்று கிருட்டினகிரி, ஓசூர் வழியே சென்றால் பெங்களூரை அடைகின்றோம். அங்கே 1909-இல் தோன்றிய இந்திய அறிவியல் நிறுவனத்தில் ஸ்ரீதோஷ் கோஸ்வாமி என்னும் ஆய்வாளரும் அவர்தம் துணைவரும் செய்த ஆராய்ச்சி, 2024 செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. வழக்கமான நினைவுறுப்பு 0, 1 என்னும் இரு நிலைகளையே அறியும். இவர்கள் அமைத்த மூலக்கூற்று மென்படலமோ 16,500 நிலைகளில் நிற்கவல்லது. ஒவ்வொரு நிலையும் ஓர் எண்ணைத் தாங்கும். மின்னழுத்தத்தைச் செலுத்தினால், படலத்தின் கடத்துத்திறன் அதனைப் பெருக்கி மின்னோட்டமாகத் தரும். பல மின்னோட்டங்கள் ஒரு கம்பியிற் சேருமிடத்தில் கூட்டலும் தானே முடியும். பள்ளியிற் கற்கும் ஓம் விதியே இங்குத் திரிகையாய் நிற்கின்றது! ஜேம்ஸ் வெப் வானத் தொலைநோக்கியின் படமொன்றை, இம்முறையைக் கொண்டு மேசைக் கணிப்பொறியிலேயே அவர்கள் உருவாக்கிக் காட்டினர். இதன் வேதியியல் அமைப்பை ஸ்ரீபிரத கோஸ்வாமியும், மின்சுற்று அமைப்பை நவகாந்த பட்டும் முன்னின்று நடத்தினர்.

இதனால் நாம் கொள்ளத்தக்கது யாது? அதே சாலையில் நம் இளைஞர் பலர் கட்டட வேலை நாடிச் செல்கின்றனர். எத்தொழிலும் இழிவன்று. ஆயினும், அவ்வூர் ஆய்வுக்கூடங்களின் சுவரை எழுப்பும் கைகளுக்கு உரியோரின் மக்கள், அவற்றினுள்ளே அமர்ந்து ஆராயும் நாளும் வரவேண்டாவா? 2011 குடிக்கணக்கில் நம் மாவட்டத்தில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 68.5 பேரே, மாநிலத்திற் கடைசி நிலை நமதாயிருந்தது.

பள்ளிக்கு வந்த பிள்ளைகளுள்ளும் பலர் பொருளறியாது ஒப்பிக்கின்றனர். அவர்கள் குதிரினை நிரப்பினர், திரிகையைத் தொட்டிலர். ஆண்டுதோறும் மதிப்பெண்ணுக்குப் பரிசளிக்கும் நம் சங்கத்திற்கு யாம் இரண்டு வேண்டுகோள் விடுக்கின்றோம். தான் கற்ற பாடமொன்றை இவ்வவையின் முன் தன் சொல்லால் விளக்கும் பிள்ளைக்கும் ஒரு பரிசு வழங்குக. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் கற்றுத் தேறிய பெண்மகளை, மணத்தின்பொருட்டு இடையில் நிறுத்தாது கல்லூரிக்கு அனுப்பும் குடும்பத்திற்குச் சங்க நிதியினின்று கட்டணம் உதவுக.

மனனம் வேண்டாவென்று யாம் கூறினோமல்லோம். குதிர் வெறுமையாயின் திரிகை எதனை அரைக்கும்? இரண்டும் ஓரிடத்தே இருத்தல் வேண்டும் என்பதே எம் கருத்து. இதனைப் பெரியோர்கள் சிந்தித்து, அடுத்த ஆண்டுவிழாவிற்கு முன்னரே ஆவன செய்வார்களாக.