ஒரே புத்தகத்தை மூன்று முறை

(நமது பள்ளியின் பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவரான மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



"டாக்டர் ஆவது எப்படி என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்" என்றார் தலைமையாசிரியர். அதைவிட எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்று உண்டு. டாக்டர் ஆகாமல் போவது எப்படி என்பது! ஒரு தடவை அனுபவித்தவன் நான். அதையே சொல்கிறேன்.

நான் பிறந்தது ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். தோட்டம் வீடமைப்புக்குப் போனதும் எங்கள் குடும்பம் கம்போங் மேடானுக்கு வந்து சேர்ந்தது. அப்பா லாரி ஓட்டினார். அம்மா தொழிற்சாலையில் துப்புரவு வேலை பார்த்தார். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம், புகுமுக வகுப்பில் ஒரு வருஷம், பிறகு இடைநிலைப்பள்ளி. உள்நாட்டில் மருத்துவம் படிக்க இடம் கிடைக்கவில்லை. ஏஜண்டு ஒருவர் பேச்சை நம்பி வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தேன். படித்து முடித்துத் திரும்பிய பிறகுதான், அந்தக் கல்லூரிப் பட்டம் நம் நாட்டு அங்கீகாரப் பட்டியலில் இல்லை என்று தெரிந்தது.

இந்த நாட்டில் வைத்தியம் பார்க்க, 1971-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டப்படி மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவு பெற வேண்டும். பட்டியலில் இல்லாத பட்டம் பெற்றவர் முதலில் தகுதித் தேர்வில் தேற வேண்டும். எழுத்துத் தேர்வும் உண்டு; நோயாளியைப் பரிசோதித்துக் காட்டும் தேர்வும் உண்டு. இது நமக்கு மட்டும் வந்த சோதனை அல்ல. வெளிநாட்டில் படித்துத் திரும்பும் இந்திய மாணவர்களுக்கு இந்தியாவிலும் 2002 முதல் இத்தகைய தேர்வு நடக்கிறது. 300 கேள்விகள், 150 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. முறையான தேர்வு இருப்பதில் தவறில்லை. மருத்துவரிடம் உடலை ஒப்படைக்கும் மக்களுக்கு அது பாதுகாப்பு.

சரி, தேர்வு எழுத வேண்டும். எதைப் படிப்பது? இங்கேதான் நான் வழுக்கினேன். யாராவது ஒரு புத்தகத்தின் பெயரைச் சொன்னால் உடனே வாங்குவேன். அமெரிக்கத் தேர்வுக்கான சுருக்கநூல், இந்தியத் தேர்வுக்கான கேள்வித் தொகுப்பு, சீனியர் கொடுத்த போட்டோகாப்பி, கணினியில் பார்க்கும் பாடம் என்று குவித்தேன். அம்மா சங்கிலியை அடகு வைத்துப் பணம் கொடுத்தார். "இவ்வளவும் படிச்சிட்டா பாஸ் ஆயிடுவியாப்பா?" என்று கேட்டார். "கண்டிப்பா அம்மா" என்றேன். ஒன்றையும் முழுதாக முடிக்கவில்லை. ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு அத்தியாயம்தான் அழுக்குப் பட்டிருந்தது. தேர்வில் தோற்றேன்.

அன்று அம்மா திட்டவில்லை. "அந்தப் புத்தகத்தை எல்லாம் என்னப்பா செய்யிறது?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விதான் என்னைத் திருத்தியது. மேசையிலிருந்த அத்தனையையும் தரையில் பரப்பி வைத்து, எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று யோசித்தேன். மூன்று விதிகள் கிடைத்தன.

முதல் விதி: யாருக்கு வைத்தியம் பார்க்கப் போகிறோமோ அவர்களுடைய நோயைச் சொல்லும் நூல் வேண்டும். நான் நம்பியிருந்த சுருக்கநூலில் டெங்கிக் காய்ச்சலுக்குக் கால் பக்கம்கூட இல்லை. அதை எழுதியவர் ஊரில் டெங்கி அபூர்வம். சிலாங்கூரில் அப்படியா? நம் சுகாதார அமைச்சு நோய்வாரியாகச் சிகிச்சை வழிகாட்டி நூல்களை வெளியிடுகிறது. இணையத்தில் இலவசம்! காசு கொடுத்து வாங்கியதில் இல்லாதது காசில்லாமல் கிடைப்பதில் இருந்தது. காய்ச்சல் இறங்கும் நேரம்தான் டெங்கியில் ஆபத்தான நேரம் என்பதையும், ரத்தத் தட்டணுக்களை மட்டும் எண்ணினால் போதாது, ரத்தம் கெட்டிப்படுகிறதா என்றும் பார்க்க வேண்டும் என்பதையும் அதில்தான் மனத்தில் பதிய வைத்தேன். தாய்மார்களே, இது உங்களுக்கும் உதவும். காய்ச்சல் விட்ட பிள்ளைக்குக் கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி என்று ஏதாவது கண்டால் காத்திருக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இரண்டாவது விதி: நூலின் வயதைப் பார்க்க வேண்டும். வயிற்றுப் புண்ணுக்குக் கவலையும் காரமும்தான் காரணம் என்று ஒரு காலத்தில் பாடம் நடத்தினார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 1982-இல் பேரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரு மருத்துவர்கள் வயிற்றில் வாழும் ஒரு கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். பெரும்பாலான புண்களுக்கு அதுதான் மூலம் என்று பின்னர் உறுதியானது. 2005-இல் நோபல் பரிசும் கிடைத்தது. டெங்கியை வகைப்படுத்தும் முறையையே உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் மாற்றிவிட்டது. பழைய பதிப்பு பாதி விலைக்குக் கிடைக்கிறதென்று வாங்கினால், பழைய வைத்தியத்தைத்தான் மனப்பாடம் செய்வோம்.

மூன்றாவது விதி: ஒரு துறைக்கு ஒரு நூல், அதை மூன்று முறை. பொது மருத்துவத்துக்கு டேவிட்சன், அறுவை மருத்துவத்துக்கு பெய்லி-லவ், நோயாளியைப் பரிசோதிக்கும் முறைக்கு மெக்லியோட். மூன்றுமே பல தலைமுறை மருத்துவர்களை உருவாக்கிய நூல்கள். புதுப்பதிப்புகள் வந்துகொண்டே இருப்பவை. இவற்றோடு ஒரே ஒரு கேள்வித் தொகுப்பு. மற்றதைக் கட்டி மூலையில் வைத்தேன். முதல் முறை புரிந்துகொள்ளப் படித்தேன். இரண்டாம் முறை புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினேன். மூன்றாம் முறை தப்பு விட்ட இடங்களை மட்டும் பார்த்தேன். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். உடனே கேட்டால், திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், மூடிவைத்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள்.

நல்ல நூலைத் தேர்ந்தெடுப்பது நம் மருத்துவ வரலாற்றிலேயே இருக்கும் பாடம். 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர், மானிப்பாயில் நம்மவர்களுக்கு மேல்நாட்டு மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் நடத்தியவர் பிறகு தமிழிலேயே நடத்தினார். உலகத்திலுள்ள நூல்களை எல்லாம் அவர் கொண்டுவரவில்லை. உடற்கூறு, அறுவை, பிரசவம் என்று தேவையான சிலவற்றைத் தேர்ந்து, மாணவர்களின் துணையோடு தமிழாக்கினார். குறைந்த நூல், புரியும் மொழி, முழுமையான படிப்பு. அந்த வழியில்தான் மருத்துவர்கள் உருவானார்கள்.

இரண்டாம் தடவை தேர்வு எழுதினேன். தேறினேன். அடகுக் கடையிலிருந்து அம்மாவின் சங்கிலியும் திரும்பி வந்தது.

பெற்றோர்களே, உங்களுக்கு இரண்டே வார்த்தை. பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும் முன், ஏஜண்டு காட்டும் வண்ணப் படத்தைப் பார்க்காதீர்கள். மருத்துவ மன்றத்தின் பட்டியலைப் பாருங்கள். நான் படித்திருக்க வேண்டிய முதல் புத்தகம் அந்தப் பட்டியல்தான். "இதை வாங்கினால் நிச்சயம் பாஸ்", "கேள்வியே எங்களிடம் இருக்கிறது" என்று விற்பவனுக்கு ஒரு வெள்ளியும் கொடுக்காதீர்கள். திருட்டுக் கேள்வியில் தேறியவன் கையில் நாளை உங்கள் உயிர் இருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

மாணவச் செல்வங்களே, யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனாலும் கடைகளில் பயிற்சிப் புத்தகம் குறையவில்லை. அப்பாவிடம் ஐந்து கேட்காதீர்கள். ஆசிரியரைக் கேட்டு ஒன்று வாங்குங்கள். கடைசிப் பக்கம் வரை செய்யுங்கள். விடையை மூடிவைத்துச் செய்யுங்கள். படித்ததை இரவில் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டுங்கள். அம்மாவுக்குப் புரிந்தால் உங்களுக்கும் புரிந்துவிட்டது என்று அர்த்தம். மரம் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் வந்த காசு அது. அதற்கு மரியாதை செய்வது, வாங்கியதைப் படித்து முடிப்பதுதான்.

இன்று பரிசாகக் கிடைக்கும் புத்தகத்தையும் அலமாரியில் வைத்துவிடாதீர்கள். அடுத்த வருஷம் நான் வரும்போது அதன் ஓரம் அழுக்காக இருக்க வேண்டும். கடைசிப் பக்கம் வரை அழுக்காக இருக்க வேண்டும்!