பிஸ்கட் டின்னுக்குள் ஒரு திருவிழா



எங்கள் வீடு அசாம் ஜாவாவில் ஒரு தாமானில் இருக்கிறது. முன்னறை அலமாரியின் மேல்தட்டில் துருப்பிடித்த பிஸ்கட் டின் ஒன்று உண்டு. அதற்குள் பத்துப் பன்னிரண்டு விசிடி தட்டுகள். ஒரு தட்டின் மேல் மார்க்கர் பேனாவால் 'அம்மன் திருவிழா 2001, தட்டு 2' என்று எழுதியிருக்கிறது. முதல் தட்டு எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. அந்தத் திருவிழா நடந்த தோட்டத்தில் இன்று லயங்கள் இல்லை. அங்கே இருந்த சனம் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா என்று ஆளுக்கொரு தாமானுக்குப் போய்விட்டது.

போன பள்ளி விடுமுறையில் அக்கா மகன் மடிக்கணினியோடு வந்திருந்தான். இந்தக் காலத்து மடிக்கணினியில் தட்டு போடும் இடமே கிடையாது. வெளியே செருகும் டிரைவ் ஒன்றை வாங்கி வந்து, தட்டைத் துடைத்துப் போட்டோம். கணினி அதைப் படித்துவிட்டது. உள்ளே நாலைந்து கோப்புறைகள். எம்பெக்ஏவி என்று பெயரிட்ட கோப்புறைக்குள் ஏவிசெக்01 என்று ஒரு கோப்பு, பின்னால் டிஏடி என்று மூன்றெழுத்து. அதைச் சொடுக்கியதும், "இதை எந்த மென்பொருளில் திறப்பது?" என்று கணினி நம்மையே கேட்டது. "மாமா, தட்டு கெட்டுப்போச்சு" என்றான் பையன். அதற்கு முன்பே பட்டணத்தில் ஒரு கடையிலும் கேட்டிருந்தேன். "இதெல்லாம் இனிமே ஓடாதுங்க, தூக்கிப் போடுங்க" என்றுதான் அங்கேயும் சொன்னார்கள்.

தட்டு கெடவில்லை. விஎல்சி என்ற மென்பொருளை இறக்கி, அதே கோப்பை அதில் இழுத்துவிட்டேன். நாதஸ்வரம் கேட்டது. பிறகு படம் வந்தது. லயத்து வாசலில் என் பாட்டி தாம்பாளத்தோடு நிற்கிறார். கற்பூரம் எரிகிறது. பாட்டியின் முகம் தெளிவாகத்தான் இருக்கிறது. கற்பூரப் புகை எழும் இடத்தில் மட்டும் படம் சதுரம் சதுரமாக உடைகிறது. அது ஏன் என்று பையன் கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இன்று உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

காணொளி என்பது அடுத்தடுத்து ஓடும் நிழற்படங்கள். நம் நாட்டு முறைப்படி வினாடிக்கு 25 படம். விசிடியில் ஒவ்வொரு படமும் 352 புள்ளி அகலம், 288 புள்ளி உயரம். அப்படியே சுருக்காமல் பதிந்தால் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 38 லட்சம் பைட் வேண்டும். 700 மெகாபைட் தட்டு ஒன்று மூன்று நிமிடத்திலேயே நிரம்பிவிடும். ஆனால் ஒரு விசிடியில் 80 நிமிடம் வரை ஓடுகிறது! இருபத்தாறில் ஒரு பங்காகச் சுருக்கியதால்தான் அது முடிந்தது. இப்படிச் சுருக்கும் கணக்குக்கும், திரையில் காட்டும்போது அதை விரிக்கும் கணக்குக்கும் சேர்த்துத்தான் கோடெக் என்று பெயர். விசிடியில் இருப்பது எம்பெக்-1 என்ற கோடெக். டிவிடியில் எம்பெக்-2.

எப்படிச் சுருக்குகிறது? தேர் ஊர்வலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தேர் நகர்கிறது, பின்னால் நிற்கும் செம்பனை மரங்கள் நகரவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் மரங்களைப் புதிதாக எழுதுவானேன்? முதலில் ஒரு முழுப் படத்தை எழுதிக்கொள்கிறது. அடுத்த படத்துக்கு, "மரம் அங்கேயே, தேர் மட்டும் மூன்று புள்ளி வலப்பக்கம்" என்று குறிப்பு எழுதினால் போதும். ஏறக்குறைய அரை வினாடிக்கு ஒரு முழுப் படம், இடையில் வருவதெல்லாம் குறிப்பு. புகைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. புகையின் ஒவ்வொரு சுருளும் புதிது, எந்தப் பகுதி எங்கே நகர்ந்தது என்று சொல்ல வழியில்லை. எழுத இடமில்லாமல் கோடெக் திணறுகிறது, படத்தைச் சதுரங்களாக வெட்டி ஒப்பேற்றுகிறது. மழையில் எடுத்த ஊர்வலம், மஞ்சள் நீர் தெளிக்கும் இடம், மின்னும் ஜிகினாத் தாள் எல்லாம் இதே போலத்தான் உடையும். தட்டில் ஒரு கீறல் முழுப் படத்தின் மேல் விழுந்துவிட்டால், அடுத்த முழுப் படம் வரும்வரை முகங்கள் கலைந்தே தெரியும். படம் உடைந்தால் தட்டைத் தூக்கிப் போடவேண்டாம் என்று நான் கெஞ்சுவது இதனால்தான். அரை வினாடி கழித்து அதே முகம் நல்லபடியாகத் திரும்ப வரும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் எம்பி4, ஏவிஐ, எம்கேவி போன்றவை கோடெக்கின் பெயர்கள் இல்லை, பாத்திரத்தின் பெயர்கள். பால் வெட்டுக்குப் போனவர்கள் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோவார்கள். சட்டியைப் பார்த்து உள்ளே ரசமா கருவாட்டுக் குழம்பா என்று சொல்ல முடியுமா? இரண்டு கோப்பும் எம்பி4தான், ஒன்று ஓடுகிறது, இன்னொன்று ஓடவில்லை என்றால் உள்ளே இருக்கும் கோடெக் வேறு. விஎல்சியில் படம் ஓடும்போது கண்ட்ரோல் விசையோடு ஜே எழுத்தை அழுத்திப் பாருங்கள், உள்ளே என்ன கோடெக் என்று காட்டிவிடும்.

இந்த விஎல்சி பிறந்தது பிரான்சில். பாரிஸ் அருகே எக்கோல் சாந்த்ரால் என்ற பொறியியல் கல்லூரியின் மாணவர் விடுதியில், 1996இல் அந்த வேலை தொடங்கியது. விடுதியின் கணினி வலையமைப்பு மெதுவாக இருந்தது. வேகமான வலையமைப்பு வேண்டும் என்று கேட்க மாணவர்களுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. செயற்கைக்கோள் தொலைக்காட்சியை ஒரே ஆண்டெனாவில் வாங்கி, வலையமைப்பு வழியாக எல்லா அறைக்கும் அனுப்பலாம் என்ற யோசனை அப்படித்தான் வந்தது. வந்த ஒளிபரப்பு எம்பெக்-2. அதை ஒவ்வொரு கணினியிலும் விரித்துக் காட்ட மாணவர்களே எழுதிய மென்பொருள்தான் இது. 2001 பிப்ரவரி 1ஆம் தேதி, கல்லூரியின் சம்மதத்தோடு அதன் மூலநிரலை உலகத்துக்கே திறந்துவிட்டார்கள். யாரும் படிக்கலாம், திருத்தலாம், நகலெடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம். அடையாளமாக இருக்கும் ஆரஞ்சு நிறச் சாலைக் கூம்பும், மாணவர்கள் விடுதியில் சேர்த்து வைத்த கூம்புகளின் நினைவுதான்.

வலையமைப்புக்காகப் பிறந்ததில் நமக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. வலையமைப்பில் அனுப்பும் தரவில் சில துண்டுகள் வழியிலேயே தொலைந்துபோகும். அதனால் தொலைந்ததைத் தாண்டி அடுத்ததைக் காட்டும் பழக்கம் இந்த மென்பொருளுக்குத் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. கீறல் விழுந்த தட்டையும் பாதி இறங்கிய கோப்பையும் அது ஓட்டிக் காட்டுவதற்குக் காரணம் இதுதான். பிரான்சில் அறைக்கு அறை தொலைக்காட்சி பார்க்க மாணவர்கள் செய்த ஏற்பாடு, அசாம் ஜாவாவில் என் பாட்டியைக் காட்டுகிறது.

விஎல்சிக்கு உள்ளே இன்னொரு பெரிய உழைப்பும் இருக்கிறது. எஃப்எஃப்எம்பெக் என்று பெயர். பாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. விஎல்சி, எம்பிளேயர், எம்பிவி, கோடி என்று திறந்த மூலப் பிளேயர்கள் எதை எடுத்தாலும் கோடெக் விரிக்கும் வேலையில் பெரும்பகுதியை அதுதான் செய்கிறது. சில கோடெக்குகளின் கணக்கை அவற்றைச் செய்த நிறுவனங்கள் வெளியே சொல்லவே இல்லை. ஆர்எம்விபி என்று ஒரு காலத்தில் சுற்றிய கோப்புகள் ஞாபகம் இருக்கலாம், அவற்றின் கோடெக்கும் அப்படி மூடி வைத்ததுதான். எஃப்எஃப்எம்பெக்கை எழுதும் தொண்டர்கள் அந்த நிறுவனங்களின் மென்பொருளைப் பிரித்துப் பார்த்து, அது எப்படி விரிக்கிறது என்று பைட் பைட்டாகக் கண்டுபிடித்து, தாங்களே புதிதாக எழுதினார்கள். மாதக்கணக்கான வேலை. அதன் பலன் நம் கைக்கு ஒரு காசு செலவில்லாமல் வருகிறது. நன்றியோடு சொல்லவேண்டிய சங்கதி இது.

இனி நம் நாட்டைப் பற்றி ஒரு செய்தி. பலருக்குத் தெரியாதது.

கோடெக்கின் கணக்குகளுக்குக் காப்புரிமை உண்டு. எம்பெக்-2ஐ விரிக்கும் சாதனமோ மென்பொருளோ செய்து விற்பவர்கள், ஒவ்வொன்றுக்கும் உரிமக் கட்டணம் கட்டவேண்டியிருந்தது. ஒரு கட்டத்தில் அது சாதனத்துக்கு இரண்டு அமெரிக்க டாலராக இருந்தது. 2012இல் விண்டோஸ் 8 வெளிவந்தபோது டிவிடி பார்க்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டதற்கு இந்தக் கட்டணமும் ஒரு காரணம். கல்யாண டிவிடியைப் புதுக் கணினியில் போட்டு, ஓடவில்லை என்று நம்மில் பலர் முழித்தது இதனால்தான். எம்பெக்-2இன் கடைசி அமெரிக்கக் காப்புரிமை 2018 பிப்ரவரியில் முடிந்தது. அதன் பிறகும் இரண்டே நாடுகளில் சில காப்புரிமைகள் உயிரோடு இருந்தன. ஒன்று பிலிப்பைன்ஸ், இன்னொன்று மலேசியா. பிறகு பிலிப்பைன்சிலும் முடிந்து, உலகத்திலேயே மலேசியா மட்டும் மிஞ்சியது.

காரணம் நம் சட்டத்தில் இருக்கிறது. 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, 2001 ஆகஸ்டுக்கு முன் விண்ணப்பித்து நிலுவையில் இருந்தவற்றுக்கு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு, அல்லது வழங்கிய நாளிலிருந்து 15 ஆண்டு, இதில் எது நீளமோ அதுவே ஆயுள். வழங்குவது தாமதமானால் ஆயுளும் நீளும். ஊர் உலகமெல்லாம் காலாவதியான பழைய கணக்கு நம் நாட்டில் மட்டும் இன்னும் ஒருவருக்குச் சொந்தமாக நீடித்தது இப்படித்தான். வீட்டில் உட்கார்ந்து தன் கல்யாணத்தைப் பார்ப்பவரிடம் யாரும் கட்டணம் கேட்டு வருவதில்லை, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் கணக்கைத் திறந்து வைப்பதும் பூட்டி வைப்பதும் நம் வீட்டு அலமாரி வரைக்கும் வந்து சேரும் விஷயம் என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று எனக்குத் தெரியாது.

இதே கதை இப்போது புதுப் பெயரில் நடக்கிறது. 2013இல் வந்த எச்இவிசி என்ற கோடெக் முந்தைய எச்.264ஐவிடப் பாதி இடத்தில் அதே தரத்தைக் கொடுக்கிறது. ஆனால் அதன் காப்புரிமைகள் ஒரே கையில் இல்லை. கட்டணம் வசூலிக்க வெவ்வேறு கூட்டமைப்புகள் முளைத்தன. 2017 முதல் ஐபோன் இந்தக் கோடெக்கில் பதிகிறது. போன தைப்பூசத்துக்கு எடுத்த காணொளியை அக்கா மகன் விரலியில் போட்டுக் கொடுத்தான். என் பழைய கணினியில் காவடிச்சிந்து கேட்டது, திரை கறுப்பாகவே இருந்தது. கோடெக்குக்குத் தனியாகக் காசு கட்டு என்றது கணினி. விஎல்சியில் அதே கோப்பு முழுதாக ஓடியது.

இந்தச் சிக்கலுக்குப் பதிலாகத்தான், கூகள் உள்ளிட்ட நிறுவனங்கள் கூடி, கட்டணம் இல்லாத ஏவி1 கோடெக்கை 2018இல் வெளியிட்டன. அதைப் பழைய கணினியும் விரிக்கும் அளவுக்கு வேகமாக எழுதிக் கொடுத்தவர்கள் இதே விஎல்சி, எஃப்எஃப்எம்பெக் ஆட்கள்தான்.

வீடியோலேன் என்பது விஎல்சியை நடத்தும் லாப நோக்கமற்ற அமைப்பு. அதன் தலைவர் ஜான் பாப்டிஸ்ட் கெம்ப், விளம்பரம் சேர்க்கச் சொல்லி வந்த பெரும் பணத்தை மறுத்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். 2025 ஜனவரியில் விஎல்சி 600 கோடி முறை இறக்கப்பட்டதாக அறிவித்தார்கள். 2022இல் இந்தியாவில் அதன் தளம் பிப்ரவரியிலிருந்து நவம்பர் வரை முடக்கப்பட்டுக் கிடந்தது. அப்போதும் மென்பொருள் நின்றுவிடவில்லை, வைத்திருந்தவர்கள் இல்லாதவர்களுக்கு நகலெடுத்துக் கொடுக்க முடிந்தது. அதற்கு உரிமமே இடம் கொடுக்கிறதே! உங்களுக்கு வேண்டுமானால் வீடியோலேன் புள்ளி ஓஆர்ஜி தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். கூம்புப் படத்தைப் போட்டு ஏமாற்றும் போலித் தளங்கள் இருக்கின்றன.

நேயர்களே, கோடெக்குக்கு ஆள் இருக்கிறார்கள். தட்டுக்குத்தான் ஆள் இல்லை. நம் வெப்பத்திலும் ஈரத்திலும் எழுதிய தட்டின் சாயம் மங்கும், ஓரத்தில் பூஞ்சை பூக்கும். ஜெராமிலும் தஞ்சோங் காராங்கிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் என் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கும் தோட்டத்துச் சனமே, உங்கள் வீட்டு டின்னையும் இறக்கிப் பாருங்கள். தட்டை மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்கவேண்டும், வட்டமாகத் தேய்க்கக்கூடாது. ஒரு டிரைவ் படிக்காத தட்டை இன்னொரு டிரைவ் படிக்கும். கோப்பை மாற்றாமல் அப்படியே நகலெடுத்து, இரண்டு இடத்தில் வையுங்கள். மாற்றினால் மறுபடி சுருக்கும், இருக்கும் தரமும் குறையும். புலனத்தில் அனுப்ப வேண்டுமானால் மூலத்தைத் தொடாமல், ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் தனியாக ஒரு எச்.264 நகல் எடுத்துக்கொள்ளலாம்.

பாட்டியின் காணொளியை உறவுகளுக்கு அனுப்பியதும், பின்னால் நிற்கும் ஆட்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அடையாளம் காட்டினார்கள். பலர் இப்போது இல்லை. அந்தத் திருவிழாவின் முதல் தட்டு யார் வீட்டிலாவது இருந்தால், தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.