மூன்று வெள்ளிச் சாப்பாடு யார் கணக்கில்?

(தொலைக்காட்சி விவாத அரங்கில், "மலிவு விலைச் சாப்பாட்டைக் காப்பாற்ற வேண்டியவர் கடைக்காரரா, சாப்பிடுகிறவரா?" என்ற தலைப்பில், "சாப்பிடுகிறவரே" என்ற அணிக்காக ஆற்றப்பட்ட உரை.)



எதிரணியில் பேசிய அம்மையார் உணர்ச்சியோடு ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனார். "மூன்று வெள்ளிக்குக் கிடைத்த மீ கோரெங் இன்றைக்கு ஐந்து வெள்ளி, ஆறு வெள்ளி. இல்லாதவன் எங்கே போவான்?" கைதட்டல் பலமாக இருந்தது. இருக்க வேண்டியதுதான். நியாயமான கேள்வி அது. ஆனால் பதில் தேட வேண்டுமென்றால் இந்த அரங்கத்தை விட்டு எழுந்து காத்தோங் வரைக்கும் ஒரு நடை போய்வர வேண்டும்.

காத்தோங் என்றதும் வண்ணம் பூசிய பெரனாக்கான் வீடுகள் ஞாபகம் வரும். தமிழருக்கு சிலோன் சாலையும் அங்கே இருக்கும் ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயமும் ஞாபகம் வரும். 1966-ல் கிழக்குக் கரையைத் தூர்க்கத் தொடங்கும்வரை அந்த வட்டாரத்தில் கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தது. இன்று மரின் பரேட் அடுக்குமாடி வீடுகள் நிற்கிற இடத்தில் அன்று அலை அடித்தது. 2024 ஜூனில் தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதை அங்கே வந்த பிறகு, ஊரின் எந்த மூலையிலிருந்தும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்றாகிவிட்டது.

அப்படிப் போகிறவர்கள் பாதிப்பேர் போவது லக்ஸாவுக்காக. அந்த லக்ஸாவின் பிறப்பு எங்கே? பெரிய உணவகத்தில் அல்ல. 1940-களில் இங் ஜுவாட் சுவீ என்ற மனிதர் காத்தோங் தெருக்களில் லக்ஸா விற்றார். முகவாயில் முடி இருந்ததால் அவருக்கு "ஜங்குட்" என்று பட்டப்பெயர். மலாயில் தாடி என்று பொருள். நம் ஊரில் சொந்தப் பெயரைவிடப் பட்டப்பெயர்தான் நிலைக்கும் என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி. (சிரிப்பு) காத்தோங் லக்ஸாவில் நூடல்ஸைச் சின்னச் சின்னதாக வெட்டிப் போட்டிருப்பார்கள். கரண்டி ஒன்று போதும், சாப்ஸ்டிக்ஸ் வேண்டாம். தெருவில் வாங்கி, கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே குடித்து முடித்துவிட்டுப் போகத் தோதான சாப்பாடு. லக்ஸா என்ற சொல்லையே "லட்சம்" என்ற சொல்லோடு சேர்த்துப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள், அத்தனை இழை இருக்கிறதாம். நமக்கும் அதில் ஒரு பங்கு இருந்தால் நல்லதுதான்.

பிறகு 1990-களின் கடைசியில் ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் அடுத்தடுத்த கடைகள் "நான்தான் அசல்" என்று போட்டி போட்டதைப் பத்திரிகைகள் லக்ஸாப் போர் என்றே எழுதின. 2013 ஜூலையில் இன்னும் பெரிய வேடிக்கை. பிரிட்டனின் பிரபல சமையல்காரர் கோர்டன் ராம்சே நியூட்டனுக்கு வந்து நம் உணவங்காடிக்காரர்களோடு சமையல் போட்டியில் இறங்கினார். மிளகாய் நண்டில் அவர் ஜெயித்தார். கோழிச் சோற்றிலும் லக்ஸாவிலும் தோற்றார். லக்ஸாவில் அவரைத் தோற்கடித்தது காத்தோங் கடை.

இத்தனை பேர் பெற்ற பண்டத்தின் விலை என்ன? பேர்போன கடைகளில் ஒரு கிண்ணம் ஏழு, எட்டு வெள்ளி. "என்னங்க, ஒரு கிண்ணம் லக்ஸாவுக்கு எட்டு வெள்ளியா?" என்று வாயைப் பிளக்கிறோம். அதே சாலையில் குளிரூட்டிய கடைக்குள் நுழைந்து இருபத்து இரண்டு வெள்ளிக்குப் பாஸ்தா வாங்குகிறோம். அதற்கு மேல் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம். அதற்கும் மேல் ஒன்பது விழுக்காடு பொருள் சேவை வரி. ஒருவரும் வாய் திறப்பதில்லை. தட்டைப் படம் வேறு எடுத்துக்கொள்கிறோம். (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, இந்த லக்ஸா எப்படிக் கிண்ணத்துக்கு வருகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். உலர்ந்த இறாலை ஊற வைக்க வேண்டும். காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், லெங்குவாஸ், செராய், பெலாச்சான், புவா கெராஸ் எல்லாம் சேர்த்து அரைக்க வேண்டும். அரைத்ததை எண்ணெய் பிரியும்வரை சின்னத் தீயில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கையை எடுத்தால் அடி பிடிக்கும், பிடித்தால் அன்றைய வியாபாரம் போச்சு. இறால் ஓட்டில் தனியாக ஒரு சாறு. கடைசியில் தேங்காய்ப்பால், அது கொதித்துத் திரிந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். கடை திறப்பது காலை ஒன்பது மணிக்கு என்றால் அடுப்பு பற்றுவது விடியற்காலையில். அந்த நேரத்துக்கு எந்த ரசீதிலும் விலை போட்டிருக்காது.

எதிரணியினர் உடனே சொல்வார்கள்: "விலை ஏறுவதற்கு வாடகைதான் காரணம். வாடகையைக் குறைத்தால் தீர்ந்தது." பாதி உண்மை.

1968, 69-ல் தெருக் கடைக்காரர்களைப் பதிவு செய்தார்கள். 1971 முதல் 1986 வரை உணவங்காடி நிலையங்களைக் கட்டிச் சுமார் 18,000 பேரைக் கூரைக்குக் கீழே கொண்டுவந்தார்கள். அப்படி வந்த முதல் தலைமுறைக்குச் சலுகை வாடகை, மாதம் 160 வெள்ளியிலிருந்து 320 வெள்ளிவரை. மாதத்தில் 26 நாள் கடை திறந்தால் 320 வெள்ளி வாடகை நாளுக்குப் பன்னிரண்டு வெள்ளிச் சொச்சம். ஐந்து வெள்ளித் தட்டு மூன்று விற்றால் அன்றைய வாடகை கையில் வந்துவிடும். நாமெல்லாம் இத்தனை காலம் மலிவாகச் சாப்பிட்டதில் இந்தச் சலுகைக்கும் பங்கு உண்டு. அந்தத் தலைமுறை ஓய்வு பெறப் பெற அந்த வாடகையும் கூடவே போகிறது. அவர்கள் விட்ட கடை ஏலத்துக்கு வருகிறது.

ஏலத்தில் என்ன நடக்கிறது? 2024-ல் மரின் பரேட் சந்தை, உணவங்காடி நிலையத்தில் ஒரு கடைக்கு மாதம் 10,158 வெள்ளி கேட்டு ஒருவர் விண்ணப்பித்தார். காத்தோங்கிலிருந்து நடந்து போகிற தூரம்தான். அதே 26 நாள் கணக்கைப் போடுங்கள். நாளுக்கு 390 வெள்ளி. ஐந்து வெள்ளித் தட்டு எழுபத்தெட்டு விற்ற பிறகுதான் வாடகை தீரும். எழுபத்தொன்பதாவது தட்டிலிருந்துதான் அரிசிக்கும் எரிவாயுவுக்கும் ஆள் கூலிக்கும் காசு. கடைக்காரர் வீட்டுக்கு எதையாவது எடுத்துப் போவது அதற்கும் பிறகு.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எல்லாக் கடைக்காரரும் அப்படிக் கொடுப்பதில்லை. 2012 முதல் ஏலத்துக்குக் குறைந்தபட்ச வாடகை என்று ஒன்று கிடையாது, உள்வாடகை விடவும் கூடாது. தேசிய சுற்றுப்புற வாரியம் முதல் குத்தகைக் காலமான மூன்று ஆண்டு முடிந்ததும் வாடகையைச் சந்தை மதிப்பை ஒட்டி மாற்றுகிறது. வர்த்தக, தொழில் அமைச்சு 2015-ல் செய்த ஆய்விலும் செலவில் பெரும்பங்கு மூலப்பொருளுக்கே போகிறது என்றுதான் தெரிந்தது. 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது கோழிச் சோற்றுக் கடைகள் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். அது வாடகையால் வந்த பாடு இல்லையே! ஆகவே வாடகையை மட்டும் குறைத்துவிட்டு மூன்று வெள்ளிக்குச் சாப்பாடு கேட்க முடியாது.

அப்படியானால் இத்தனை ஆண்டு எப்படி மலிவாகக் கிடைத்தது? சலுகை வாடகை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கடைக்காரரும் அவர் மனைவியும் தங்கள் உழைப்புக்குக் கூலி எழுதிக்கொள்ளவில்லை. பன்னிரண்டு மணி, பதினான்கு மணி நேரம் நின்ற கால்களுக்குக் கணக்கில் இடம் இல்லை. நாம் மிச்சம் பிடித்த வெள்ளிகள் அந்தக் கால்களிலிருந்து வந்தவை.

தமிழ்க் கடைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம் குடும்பங்கள் பரோட்டாவை இந்த ஊரின் காலைச் சாப்பாடாக்கின. மீ கோரெங்கைச் சிவக்கச் சிவக்கப் புரட்டிக் கொடுத்தது நம் தமிழ் பாய்மார்தான். தமிழ்நாட்டில் போய் அந்த மீ கோரெங்கைத் தேடினால் கிடைக்காது, இங்கே பிறந்த பிள்ளை அது. மாவைப் பிசைந்து, உருட்டி, எண்ணெயில் ஊற வைத்து, வீசி, மடித்து, சுட்டு எடுக்கிற பரோட்டாவுக்கு இருபது காசு ஏற்றினால், "பாய், போன வாரம் இப்படி இல்லையே!" என்கிறோம். அந்தப் பாயின் மகன் கல்லுப் பக்கம் வருகிறாரா? அலுவலகத்துக்குப் போகிறார். போகச் சொன்னவரே அப்பாதான். உணவங்காடிக்காரர்களின் இடைநிலை வயது அறுபதை ஒட்டி நிற்கிறது என்பது இப்படி வந்த கணக்கு.

2020 டிசம்பரில் யுனெஸ்கோ நம் உணவங்காடிக் கலாசாரத்தை மனித குலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. எல்லாரும் மகிழ்ந்தோம், வாட்ஸ்அப்பில் பகிர்ந்தோம். மறுநாள் காலை கடைக்குப் போய் ஐம்பது காசு கூடக் கேட்டால் முகம் சுளித்தோம்.

ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் சின் மீ சின் என்ற பழைய ரொட்டிக்கடை. 1925-ல் தொடங்கியது. காயா தடவிய வட்ட ரொட்டிக்காகச் சனி ஞாயிறில் கூட்டம் நிற்கும். 2018 கடைசியில் மூடிவிட்டார்கள். எத்தனை பேர் கண்ணீர் விட்டு எழுதினார்கள்! 2021-ல் புதிய நிர்வாகக் கூட்டோடு மறுபடி திறந்தார்கள். ரொட்டி இருக்கிறது, கடை இருக்கிறது, மகிழ்ச்சிதான். ஆனால் மூடுகிற எல்லாக் கடைக்கும் அப்படி ஒரு கை வந்து சேருவதில்லை. வராத கடைகளுக்கு அஞ்சலி எழுதவும் ஆளில்லை.

இப்போது அம்மையாரின் கேள்விக்கு வரலாம். இல்லாதவன் எங்கே போவான்?

மரின் பரேட்டில் தனியாக இருக்கும் முதியவர்கள் உண்டு. பிள்ளைகள் கொடுக்கிற பணத்தில் மருந்து போக மிச்சத்தில் சாப்பிடுகிறவர்கள். அவர்களுக்கு ஒரு வெள்ளி ஏற்றம் ஒரு வேளைச் சாப்பாட்டையே மாற்றிவிடும். அதை இந்த அணி மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வெள்ளியை யார் தர வேண்டும்? பக்கத்துக் கடையில் நிற்கும் இன்னொரு முதியவரா? சாப்பிடுகிறவருக்கு எழுபது வயது, சமைக்கிறவருக்கு அறுபத்தைந்து. (அவையில் அமைதி)

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வாடகைக் கோப்பிக்கடைகளில் 2023 முதல் குத்தகை புதுப்பிக்கும்போது மலிவு உணவு இருக்க வேண்டும் என்று நிபந்தனை வந்தது. வரவேற்கத்தக்கது, ஆனால் அந்தத் தட்டின் சுமையும் கடைசியில் கடைக்காரர் தலையில்தான் விழுகிறது. 2025-ல் புக்கிட் கான்பெரா உணவங்காடி நிலையத்தின் ஒப்பந்தத்தில் கடைக்காரர் இலவசச் சாப்பாடு தர வேண்டும் என்று ஒரு விதி இருப்பது தெரிந்து சர்ச்சை எழுந்தது. அது நடைமுறைப்படுத்தப்படவில்லை என்று பிறகு விளக்கம் வந்தது. ஆனால் அப்படி ஒரு விதியை எழுதத் தோன்றியதே, அதைத்தான் யோசிக்க வேண்டும். தருமம் செய்வது ஒருவர், செலவு இன்னொருவருடையது!

அதைவிட நேரான வழி பற்றுச்சீட்டு. 2025 மே மாதம் ஒவ்வொரு சிங்கப்பூர்க் குடும்பத்துக்கும் 500 வெள்ளி சமூக மேம்பாட்டு மன்றப் பற்றுச்சீட்டு வந்தது. பாதியை உணவங்காடிகளிலும் அக்கம்பக்கக் கடைகளிலும் செலவிட முடிந்தது. முதியவருக்கும் சாப்பாடு கிடைக்கிறது, கடைக்காரருக்கும் முழு விலை போகிறது. தேவைப்படுகிறவருக்கு இதை இன்னும் கூட்டுங்கள் என்று எதிரணி கேட்டால், இந்த அணியும் சேர்ந்து கை தூக்கும். மாதச் சம்பளம் வாங்குகிறவர் அந்த முதியவரின் பெயரைச் சொல்லித் தன் லக்ஸாவுக்கும் பரோட்டாவுக்கும் விலை குறைக்கச் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. (கைதட்டல்)

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். ஒன்றே ஒன்று. அம்மையார் சொன்ன அந்த மீ கோரெங் கடைக்கு நாளைக்குப் போவார் என்று தெரியும், அந்த ருசி விடாது. விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், "பாய், இன்னைக்கு எத்தனை மணிக்கு எழுந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்கிற பதிலை அடுத்த வாரம் இதே அரங்கில் வந்து சொல்லட்டும்.