மலையில் நாம் பேசும் பேச்சு

(தோட்டக் கமிட்டிகளின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றி மூத்தவர்கள் பேசிவிட்டார்கள். எங்களுக்குக் கிடைத்த கொஞ்ச நேரத்தில் வேறொரு விசயத்தைப் பேசுகிறோம்.

போன தவணையில் ஒருநாள் இடைவேளை நேரம். நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூட முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். போய்ப் பார்த்தோம். பெரட்டு விளையாட்டு. ஒரு பையன் கம்பு வைத்துக்கொண்டு கங்காணி. ஒரு பிள்ளை பழைய கொப்பியோடு கணக்கப்பிள்ளை. மற்றவர்கள் புத்தகப் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கிறார்கள். நிறுவை நேரம் வந்தது. கங்காணி ஒரு பிள்ளையைப் பார்த்து, "ஏய் சோம்பேறி, இது கொழுந்தா குப்பையா? ஒனக்கு இன்னைக்கு அரைப்பேருதான், போ" என்றான். அந்தப் பிள்ளை ஒரு பேச்சும் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

பிள்ளைகளை நாங்கள் ஏசவில்லை. அவர்கள் எதையும் கற்பனை செய்யவில்லை. வீட்டில் அம்மா சொல்லி அழுததை, அப்பா சொல்லிச் சிரித்ததை அப்படியே நடித்துக் காட்டினார்கள். ஏசுபவனையும், குனிந்து நிற்பவளையும், வேடிக்கை பார்த்துச் சிரிப்பவர்களையும் ஒன்றாகக் காட்டினார்கள். அந்த மூன்றாவது கூட்டம் யார்? நாம்தான்.

துரை உத்தியோகத்தரை ஏசுகிறார். உத்தியோகத்தர் கங்காணியை ஏசுகிறார். கங்காணி கொழுந்தெடுப்பவளை ஏசுகிறார். அவள் லயத்துக்கு வந்து பிள்ளையை ஏசுகிறாள். மேலே சொன்ன ஒரு சொல் இப்படித்தான் படிப்படியாக இறங்கிப் பள்ளிக்கூட முற்றம் வரை வருகிறது.

எங்களிடம் படித்த ஒரு மகள், வீட்டு நிலைமையால் பதிவு எடுத்து மலைக்குப் போனாள். மூன்றாவது வாரம் நின்றுவிட்டாள். அட்டைக்கும் மழைக்கும் பயந்துவிட்டாளோ என்று கேட்டோம். "இல்ல டீச்சர், அதெல்லாம் பழகிரும். நிறுக்கிற எடத்துல எல்லாரும் பாத்துச் சிரிக்கிறாங்க. அதுதான் தாங்க முடியல" என்றாள். இன்று கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். இளம் பிள்ளைகள் தோட்டத்தில் நிற்பதில்லை என்று குறைப்படுகிறோமே, சம்பளம் ஒரு காரணம் என்றால் இதுவும் ஒரு காரணம்.

நம்முடைய உரிமைகள் எப்படி வந்தன? 1940 ஜனவரி 10ஆம் திகதி முல்லோயாவில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் உயிர் கொடுத்தார். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் 1984இல்தான் கிடைத்தது. அதற்கும் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. 2021இல் ஆயிரம் ரூபா வர்த்தமானியில் வந்தது, பல வருசம் கேட்ட பிறகு. எல்லாமே ஒற்றுமையால் வந்தவை. ஆனால் ஒற்றுமை வேலைநிறுத்தத்தன்று காலையில் திடீரென்று முளைக்காது. சாதாரண நாளில் நிறுவையில் ஒருத்தி குனிந்து நிற்கும்போது சிரித்துவிட்டு, போராட்ட நாளில் "வா, சேர்ந்து நிற்போம்" என்று கூப்பிட்டால் அவள் எதற்காக வருவாள்?

அதனால் சாதாரண நாளில் செய்யக்கூடிய நாலு காரியங்களைச் சொல்கிறோம். காசு செலவில்லை. யாருடைய அனுமதியும் தேவையில்லை.

முதலாவது, பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். மூத்தவர்களை அக்கா, மாமி, அண்ணே என்போம். "ஏய்" வேண்டாம். நொண்டி, கறுப்பி, மலடி என்ற பட்டப்பெயர்கள் வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது, நிறுவையில் யாரையும் தனியாக விடக்கூடாது. தன் கொழுந்தை நிறுத்தவுடன் ஓடிவிடாமல், பின்னால் வருபவளின் தராசைப் பார்க்கும்வரை நிற்போம். கிலோ கழித்தால் மரியாதையாகக் கேட்போம்: "ஐயா, எத்தனை கிலோ கழிச்சீங்க? எதுக்காகக் கழிச்சீங்க?" ஒருத்தி கேட்டால் வாய்க்காரி என்பார்கள். மூன்று பேர் நின்று கேட்டால் பதில் சொல்லத்தான் வேண்டும். திகதியையும் கிலோவையும் சின்னக் கொப்பியில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாத தாய்மார் பிள்ளையிடம் சொல்லி எழுதுங்கள். தோட்டத் தலைவர் ஒப்பீசில் பேசும்போது அந்தக் கொப்பிதான் சாட்சி.

மூன்றாவது, நிரை. புதிதாக வருபவளைக் கைப்பழக்கம் உள்ள அக்கா ஒருவர் பக்கத்தில் விட்டுக் கொடுங்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கும் வயதானவர்களுக்கும் செங்குத்தான நிரை வேண்டாம். மற்றவர்கள் முறை வைத்துப் பிடிக்கலாம். குளவிக்கூட்டைக் கண்டால் கண்டவர் உடனே எல்லோருக்கும் சொல்ல வேண்டும். பக்கத்து நிரையில் நிற்பவள் எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறாள் என்று குளவி பார்ப்பதில்லை. நாமும் பார்க்கக்கூடாது.

நான்காவது, அசிங்கமான பேச்சு, கைபடுதல். இதைப் பகிடி என்று சிரித்து விடாதீர்கள். 1995இல் திருத்திய தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி, சொல்லாலோ செயலாலோ செய்யும் பாலியல் தொந்தரவு குற்றம். வேலைத்தலத்தில் அதிகாரத்தில் இருப்பவர் செய்தாலும் குற்றம்தான். உடனே மாதர் தலைவியிடம் சொல்லுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. "நீ ஏன் அவரோட பேசுன?" என்று பாதிக்கப்பட்டவளிடமே கேட்பதை நிறுத்துவோம். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பலர் வாய் திறப்பதில்லை.

கங்காணிமார் சிலர் கோபத்தோடு கேட்டுக்கொண்டிருப்பது எங்களுக்குத் தெரிகிறது. நீங்களும் எங்கள் அங்கத்தவர்கள்தான். மேலிருந்து உங்களுக்கு வரும் நெருக்குதலும் தெரியும். ஏசாவிட்டால் வேலை நடக்காது என்கிறீர்கள். வகுப்பில் நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தோம். ஏச்சு வாங்கிய பிள்ளை விளங்காததைக் கேட்காமல் மறைத்தது. கணக்குப் பிழைத்தது. மலையிலும் அப்படித்தான். பயந்தவள் முற்றல் இலையைக் கூடையின் அடியில் மறைப்பாள். சொல்லிக் கொடுத்தால் நல்ல கொழுந்து வரும். உங்களை மேலே யாராவது மரியாதையில்லாமல் பேசினால் அதையும் கமிட்டியில் சொல்லுங்கள். சங்கம் உங்களுக்காகவும் பேசும்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. கவ்வாத்தோ கான் வெட்டோ முடித்து நீங்கள் நேரத்தோடு லயத்துக்கு வந்துவிடுகிறீர்கள். அவள் கடைசி நிறுவை முடித்து, பிள்ளைக்காம்பராவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும்போது இருட்டுகிறது. அந்த நேரம் அடுப்பில் சோறு வெந்திருந்தால் அதுவும் சங்க வேலைதான்.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு கமிட்டியிடமும் ஒன்றே ஒன்று கேட்போம். இந்த மாதம் நிறுவையில் யாருக்காக நின்றீர்கள்? பேர் கழித்த இடத்தில் யாரோடு சேர்ந்து கேட்டீர்கள்? அதைச் சொன்னால் போதும்.

பிள்ளைகள் இனியும் பெரட்டு விளையாடத்தான் செய்வார்கள். அடுத்த தவணையில் அந்த விளையாட்டில் ஒரு பிள்ளை குனிந்து நிற்கும்போது, இன்னொரு பிள்ளை பக்கத்தில் வந்து, "ஐயா, எத்தனை கிலோ கழிச்சீங்க?" என்று கேட்கட்டும். அதை நாங்கள் பார்க்க வேண்டும். கற்றுக் கொடுப்பது பள்ளிக்கூடத்தின் வேலை மட்டுமில்லை, உங்கள் வேலையும்தான்.