ஜெர்மன் காரும் நம் இல்லக் கணக்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இலக்கியமும் இசையும் மணக்கும் இம்மேடையில் மோட்டார் காரைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். நாம் புலவர் அல்லோம்; பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இரயில்வே அலுவலகத்தில் கணக்கேடுகளோடு காலங்கழிக்கும் எழுத்தர். நம் குடும்பங்களுக்குப் பயன்படும் பொருளொன்றைப் பேசுமாறு செயற்குழுவினர் பணித்தபோது, இப்பொருளே நம்முன் வந்து நின்றது.

அதற்குக் காரணம் உண்டு. சைக்கிளில் ஆலைக்கும் பணிமனைக்கும் சென்ற தலைமுறையின் பிள்ளைகள் இன்று கணிப்பொறி நிறுவனங்களில் நல்ல ஊதியம் பெறுகின்றனர். அவர்களுள் சிலர்க்கு ஜெர்மன் கார் மீது ஆசை. புதியது எட்டாவிடினும், எட்டாண்டு ஓடிய பழையது, புதிய சாதாரணக் காரின் விலைக்குக் கிடைக்கிறதே என்கின்றனர். ஆசை குற்றமன்று. ஆயின், வீடு கட்டவும் மகள் திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் சேமநிதியிலிருந்து பணம் கேட்டு நமது மேசைக்கு வரும் விண்ணப்பங்களுக்கிடையே, மகன் விரும்பும் காருக்கென்று ஒரு தகப்பனார் எழுதிய விண்ணப்பமும் வரக் காண்கிறோம். முப்பதாண்டுச் சேமிப்பு அது. அதனைத் தொடுமுன் கணக்கை முழுதும் பார்த்துவிட வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.

காருக்கு இரண்டு விலைகள் உண்டு. ஒன்று, வாங்கும்போது கொடுப்பது. மற்றொன்று, வைத்திருக்கும் காலமெல்லாம் கொடுப்பது. முதல் விலை பேரம் பேசினால் குறையும். வண்டி பழையதானாலும் குறையும். இரண்டாம் விலையோ வண்டி பழையதாக ஆகக் கூடுமேயன்றிக் குறையாது.

இது காரோடு உடன்பிறந்த வழக்கம். கார்ல் பென்ஸ் என்னும் ஜெர்மானியர் தமது மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 1886 ஜனவரி 29இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1888இல் அவர் மனைவியார் பெர்த்தா அம்மையார், கணவரிடம் சொல்லாமலே, மைந்தர் இருவரோடு அத்தகைய வண்டியில் மன்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். தொலைவு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். வழியில் எரிபொருள் தீர்ந்தது. மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்தது. தொப்பி ஊசியால் குத்தி நீக்கினார். பிரேக்குக் கட்டை தேய்ந்தது. செருப்புத் தைப்பவரைக் கொண்டு தோல் வைத்து அடிக்கச் செய்தார். உலகின் முதல் நெடும்பயணத்திலேயே எரிபொருட் செலவும் பழுதுச் செலவும் உடன் சென்றன என்பதைக் காண்க. அன்று தொப்பி ஊசி போதியதாயிற்று. இன்று ஊசியால் தீரும் பழுது அரிது.

ஜெர்மானியர் கைத்திறனைப் பெங்களூர்த் தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1951இல் பாஷ் நிறுவனத்தின் தொடர்போடு தோன்றி, ஆடுகோடியில் இயங்கிய மைக்கோ தொழிற்சாலையை அறியாதார் யார்? 2008இல் அதன் பெயர் பாஷ் என்றே மாறிய பின்னும், நம்மவர் வாயில் அது மைக்கோவே. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காதபடி காக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கு முறையை, 1978இல் அதே பாஷ் நிறுவனமும் மெர்சிடிஸ் நிறுவனமும் காரில் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தன. ஆகவே தரத்தில் நமக்கு ஐயமில்லை. ஆனால், உயர்ந்த தரம் உயர்ந்த பராமரிப்பைக் கேட்கும். பட்டுச் சேலையைப் பருத்திச் சேலைபோல் கல்லில் அடித்துத் துவைக்க இயலுமோ?

"இப்போது இக்கார்கள் நம் நாட்டிலேயே உருவாகின்றனவே, செலவு குறையாதோ?" என்று இளைஞர் வினவுவர். உண்மைதான். மெர்சிடிஸ் கார்கள் புனேயிலும், 2007 முதல் பி.எம்.டபிள்யூ. கார்கள் சென்னையை அடுத்தும் பூட்டப்பெறுகின்றன. ஆயினும் எண்ணிக்கையைப் பாருங்கள். 2024இல் மெர்சிடிஸ் இந்தியாவில் விற்ற கார்கள் 19,565. மாருதி நிறுவனமோ ஓராண்டில் 17 இலட்சத்துக்கு மேல் உள்நாட்டில் விற்கிறது. இலட்சக்கணக்கில் ஓடும் காரின் பாகம் ஜே.சி. சாலைக் கடைகளில் கேட்டவுடன் கிடைக்கும். கடைகளின் போட்டியால் விலையும் குறையும். ஆயிரக்கணக்கில் ஓடும் காரின் பாகத்துக்குச் சொல்லிவைத்துக் காத்திருக்க நேரும். பழுது பார்க்கத் தெரிந்தவரும் சிலரே. பொருத்திய பாகத்தை வண்டியிலுள்ள கணிப்பொறி ஏற்றுக்கொள்ளச் செய்வதற்கே தனிக் கருவியும் தனிக் கூலியும் வேண்டியிருப்பதும் உண்டு.

இனிச் செலவுகளை வகைப்படுத்திப் பார்ப்போம்.

முதலாவது, வரி. கர்நாடகத்தில் 20 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பெட்ரோல், டீசல் கார்களுக்கு ஆயுட்கால வரி நூற்றுக்கு 18. ஐம்பது இலட்ச ரூபாய்க் காருக்கு வரி மட்டும் 9 இலட்சம், மேல்வரி தனி. இதற்கஞ்சி வேற்று மாநிலப் பதிவெண்ணோடு ஓட்டுவோர் உளர். 2025 பிப்ரவரியில் போக்குவரத்துத் துறையினர், வரி செலுத்தாது இந்நகரில் ஓடிய 30 உயர்விலைக் கார்களைக் கைப்பற்றினர், பி.எம்.டபிள்யூ., மெர்சிடிஸ், ஆடி, போர்ஷே ஆகியவை அவற்றுள் இருந்தன. ஒசூரிலோ புதுச்சேரியிலோ மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய கார் வாங்க எண்ணுவோர் இதனை மறவாதிருப்பாராக. பிற மாநிலத்து வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கு வைத்திருந்தால் இம்மாநிலப் பதிவெண் பெறவேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு.

இரண்டாவது, வட்டி. பத்து இலட்ச ரூபாயை நூற்றுக்குப் பத்து வட்டியில் ஐந்தாண்டுத் தவணைக்குக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 21,250 ரூபாய்; வட்டி மட்டும் இரண்டே முக்கால் இலட்சம். பழைய காருக்கு வட்டி இதனினும் மிகுதியாகவே கேட்பர்.

மூன்றாவது, தேய்மானம். இன்ஷூரன்ஸ் கணக்கில் கார் மதிப்பு ஓராண்டு முடிவதற்குள் நூற்றுக்கு 15 குறைகிறது; நான்காண்டு கடந்து ஐந்தாம் ஆண்டில் நடக்கும்போது பாதியாகிவிடுகிறது. பாகங்களை மாற்றும்போதும், சிறப்புச் சேர்க்கை எடுத்திராவிடில், டயர், பாட்டரி, ரப்பர், பிளாஸ்டிக் ஆகியவற்றின் விலையில் பாதியைத்தான் இன்ஷூரன்ஸ் நிறுவனம் தரும். மறுபாதி நம் தலையில்.

நான்காவது, பழுதும் பராமரிப்பும். இக்கார்கள் பலவற்றின் டயர்கள் அகன்றவை, பக்கவாட்டில் உயரம் குறைந்தவை. செம்மையான நெடுஞ்சாலைக்கு அவை சிறந்தவை. மழைக்குப் பிந்திய நமது தெருக்களின் பள்ளங்களிலோ டயர் வெடிப்பதும் சக்கர வளையம் வளைவதும் எளிது.

மழை என்றவுடன் 2022 செப்டம்பர் நினைவுக்கு வருகிறது. வெளிவட்டச் சாலையும் அதனைச் சார்ந்த குடியிருப்புகளும் வெள்ளத்தில் மூழ்க, விலையுயர்ந்த கார்கள் கூரைமட்டும் தெரிய நின்ற காட்சியை நாம் எல்லோரும் கண்டோம். அவ்வெள்ளத்தில் சிக்கிய வோல்க்ஸ்வாகன் போலோ ஒன்றின் கதை செய்தித்தாள்களில் வெளிவந்தது. அது கோடீசுவரர் காரன்று. 11 இலட்ச ரூபாய்க் கார். பழுது பார்க்கப் பணிமனை கொடுத்த மதிப்பீடோ 22 இலட்சம்! இன்ஷூரன்ஸ் நிறுவனம் முழு இழப்பு என்று முடிவு செய்தபின், மதிப்பீட்டு ஆவணங்களுக்கென்றே 44,840 ரூபாய் கேட்கப்பட்டது; காரின் தாய் நிறுவனம் தலையிட்ட பின்னர் அது 5,000 ரூபாயாகக் குறைந்தது.

பழுது விலை, காரின் விலையை விஞ்சுவது எப்படி? தொழிற்சாலை காரை முழுதாக விற்கும்போது ஒரு விலை. அதே காரை ஒவ்வொரு பாகமாக நாம் வாங்கும்போது, ஒவ்வொன்றின்மேலும் வரியும் சரக்குக் கூலியும் விற்பவர் இலாபமும் பூட்டும் கூலியும் ஏறுகின்றன. ஆகவே பகுதிகளின் கூட்டுத்தொகை முழுமையை விஞ்சிவிடுகிறது. பழுதுச் செலவு, இன்ஷூரன்ஸ் குறித்த மதிப்பில் நூற்றுக்கு 75ஐத் தாண்டினால் முழு இழப்பாகக் கொள்வது இதனாலேயே. இன்னொரு செய்தியும் நினைவிற் கொள்க. நீரில் நின்ற காரை ஓட்டிப் பார்ப்போம் என்று இயக்கினால், எஞ்சின் காற்றோடு நீரையும் உறிஞ்சும். நீர் காற்றைப்போல் அமுங்காது. உள்ளிருக்கும் தண்டு வளைந்துவிடும். எஞ்சினுக்கெனத் தனிச் சேர்க்கை எடுத்திராவிடில் இச்சேதத்துக்குப் பெரும்பாலும் பணம் வாராது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழி காருக்கும் பொருந்தும்.

இப்போது பழைய காருக்கு வருவோம். ஐம்பது இலட்சக் கார் எட்டாண்டு கழித்துப் பன்னிரண்டு இலட்சத்துக்கு வருகிறது எனக் கொள்வோம். நமக்கு அது பன்னிரண்டு இலட்சக் கார். அதன் கியர்ப் பெட்டிக்கோ, விளக்குக்கோ, பிரேக்குத் தட்டுக்கோ அது இன்றும் ஐம்பது இலட்சக் காரே. அப்பாகங்களின் விலை நாம் கொடுத்த விலையைப் பார்த்துக் குறைவதில்லை. முதலில் வாங்கியவர் புதுமையையும் உறுதிமொழிக் காலத்தையும் அனுபவித்துவிட்டார்; பெரும் பழுதுகள் வரும் பருவத்தில் நம்மிடம் விற்கிறார். யானையைக் கட்டித் தீனி போடுவதென்பது இதுதான். யானை மலிவாகக் கிடைத்ததென்று அதன் பசி குறைந்துவிடாது.

நமது இரயில்வேயும் ஜெர்மன் பொருளை வாங்கியதுண்டு. எல்.எச்.பி. என நீங்கள் கேள்விப்படும் பெட்டிகள், லிங்கே ஹாஃப்மன் புஷ் என்னும் ஜெர்மன் நிறுவனத்தின் வடிவம். இரயில்வே பெட்டியை மட்டும் வாங்கவில்லை. செய்யும் நுட்பத்தையும் வாங்கிக் கபூர்தலாவில் செய்யக் கற்றது. பெரம்பூர்த் தொழிற்சாலையும் 2018 ஜனவரியில் பழைய வகைப் பெட்டிகளை நிறுத்தி இவ்வகைக்கு மாறியது. பழுது இருப்பினும் இல்லாவிடினும் குறித்த காலத்தில் பெட்டி பணிமனைக்குச் சென்றே தீரவேண்டும். அதுமட்டுமன்று, தேயும் சொத்தை மாற்றுவதற்கென 1924லேயே தேய்மான நிதி என்று தனிக் கணக்கு ஏற்படுத்தி, வரவிலிருந்து ஒரு பங்கை ஒதுக்கும் முறை இரயில்வேயில் வந்துவிட்டது.

அவ்வழக்கத்தை இல்லத்திலும் கைக்கொள்ளலாகாதோ? காரின் இப்போதைய விலையை விட்டுவிட்டு, அதன் புது விலையில் நூற்றுக்கு இரண்டு பங்கையாவது ஆண்டுதோறும் பழுதுக்கென ஒதுக்குங்கள். இது நமது கைக்கணக்கேயன்றிச் சட்டமன்று. ஐம்பது இலட்சக் காருக்கு அது ஆண்டுக்கு ஓர் இலட்சம். மாதம் 8,300 ரூபாய்க்கு மேல். முன்சொன்ன தவணையோடு கூட்டினால், பெட்ரோலும் இன்ஷூரன்ஸும் சேராமலே மாதம் ஏறத்தாழ 29,600 ரூபாய். பிள்ளைகளின் கல்லூரிச் சம்பளத்துக்கும் ஊரிலுள்ள பெற்றோர்க்கு அனுப்பும் பணத்துக்கும் பின் இத்தொகை மிஞ்சுமாயின், தாராளமாக வாங்கி மகிழ்க. நாமும் உடன் ஏறி ஒருமுறை அல்சூர் ஏரியைச் சுற்றி வருவோம்!

இளைஞர்களே, வாங்குவதாயின், ஆறு திங்களுக்கு முன் இதைச் செய்து பாருங்கள். அந்த 29,600 ரூபாயை மாதந்தோறும் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். ஆறு மாதமும் இல்லம் தடுமாறாமல் நடந்தால் உங்களுக்குத் தகுதி உண்டு. கையில் ஒன்றே முக்கால் இலட்சத்துக்கு மேல் முன்பணமும் இருக்கும். இடையில் ஒரு மாதம் தவறினால், பழுதுச் சீட்டு வருமுன்னரே விடை வந்துவிட்டதென்று கொள்ளுங்கள். அதன்பின் காரின் பழுது வரலாற்றை எழுத்தில் கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்த பணிமனையில் கருவி வைத்துச் சோதியுங்கள். கடன் தீர்ந்த சான்றையும் வரிச் சீட்டையும் கையில் பெற்ற பின்னரே பணம் கொடுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளையின் ஆசையைத் தடுக்க வேண்டா. தாளையும் எழுதுகோலையும் கொடுத்து, இரண்டாம் விலையை எழுதிக் காட்டச் சொல்லுங்கள். அதனை எழுதிக் காட்டும் பிள்ளை, கார் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் குடும்பத்தைக் காப்பான்.