தலைக்காயத்துக்குப் பின்
(நுகேகொடையில் நடைபெற்ற சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



விபத்தினாலோ பாரிசவாதத்தினாலோ மூளை பாதிக்கப்பட்ட ஒருவரை வீட்டில் வைத்துப் பராமரிப்பவர்கள் எங்களுக்குள்ளும் இருக்கிறோம். "கை கால் வழங்குதா?" என்றுதான் எல்லோரும் விசாரிக்கிறார்கள். கை காலுக்கு றாகமையில் புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது. இங்கிருந்து களனிவெளி ரயிலில் மருதானைக்குப் போய் மாறவேண்டும், அலைச்சல்தான். ஆனால் மாறிப்போன குணத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

1848இல் அமெரிக்காவில் பினியாஸ் கேஜ் என்ற ரயில்பாதைத் தொழிலாளியின் மண்டையை இரும்புக் கம்பியொன்று துளைத்துச் சென்றது. உயிர் பிழைத்தார், குணம் மாறிவிட்டது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலர், அவர் பிற்பாடு சிலி நாட்டில் பல வருடம் குதிரைவண்டி ஓட்டிப் பிழைத்ததைச் சொல்வதில்லை. எங்களுக்கு அந்தப் பிற்பாதிதான் வேண்டும். நாள்தோறும் ஒரே ஒழுங்கில் நடந்த வேலை அவரைத் தேற்றியிருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள்.

நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப்பகுதி கோபத்துக்குக் கடிவாளம் போன்றது. அது பழுதானால் சட்டென்று சீறுவார்கள். எழும்பிக் குளிக்கவும் மனம் வராது. காரணமின்றி அழுவதும் சிரிப்பதும்கூட மூளைக் காயத்தால் வரலாம். இதற்குத் திமிர், சோம்பல் என்று உறவினர் பெயர் வைப்பது பெரிய அநியாயம்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளில் மூன்று மொழி புழங்கும். பேச்சுப் போனால் எது முதலில் திரும்பும்? சிறுவயதில் கற்ற மொழி என்றார் பிரெஞ்சு அறிஞர் ரிபோ. காயத்துக்கு முன் அதிகம் பழகிய மொழி என்றார் பித்ர், 1895இல். எல்லோருக்கும் பொருந்தும் விதி இன்னும் இல்லை. ஆகவே வீட்டில் என்ன மொழி, கந்தோரில் என்ன மொழி என்பதைப் பேச்சுச் சிகிச்சையாளரிடம் முதல்நாளே சொல்லிவிடுங்கள். சொந்தப் பெயரைச் சொல்ல முடியாத சிலர் பழகிய தேவாரத்தைச் சொற்களோடு பாடிவிடுவார்கள்; அதைக் கண்டு "வேணுமென்றுதான் பேசாமல் இருக்கிறார்" என்று நினைக்கவேண்டாம்.

பராமரிப்பவளின் துக்கம் வேறு. மனிதர் எதிரே இருக்கிறார்; பழைய மனிதர் இல்லை. துடக்குக் காத்து, எட்டுச் செலவு செய்து ஆறக்கூடிய துக்கமல்ல இது.

பார்க்க வருபவர்கள் கூட்டமாக வராதீர்கள். ஒருவர் வாருங்கள், தொலைக்காட்சியை நிறுத்துங்கள், மெதுவாகப் பேசுங்கள். களைத்துவிட்டால் சும்மா பக்கத்தில் இருங்கள். பழமும் பிஸ்கட்டும் போதுமான அளவு சேர்ந்துவிட்டன. இரண்டு மணித்தியாலம் நீங்கள் அவரோடு இருந்தால், வீட்டுக்காரி சந்தைக்கோ கோயிலுக்கோ தனியே போய்வருவாள்.