புறா விடுதல் அறமாகுமா?



நம் சங்க ஆண்டுவிழாவில் சமாதானத்திற்கு அறிகுறியாக வெண்புறாக்களைப் பறக்கவிடல் வேண்டுமென அன்பர் சிலர் விரும்புகின்றனர். அவர்தம் நோக்கம் நன்றே. ஆயினும், விட்டபின் அவை என்னாகின்றன என்பதை ஆராய்தல் நம் கடன்.

1988-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள், தென்கொரியாவின் சியோல் நகரில் ஒலிம்பிக் தொடக்கவிழாவில் விடப்பெற்ற புறாக்களுட் சில, தீபக் கொப்பரையின் விளிம்பில் அமர்ந்தன; தீ மூட்டியபோது கருகி மாண்டன. 2014-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள், வத்திக்கானில் போப் பிரான்சிஸ் அருகே நின்று சிறுவர் விட்ட இரு வெண்புறாக்களைக் கடற்காக்கையும் காகமும் பலர் காணத் தாக்கின.

இவை தற்செயல் என்பாரும் உளர். அற்றன்று. கூட்டிலேயே பிறந்து வளர்ந்த புறா இரைதேட அறியாது. பகைக்கு ஒளியவும் அறியாது. வெண்ணிறமோ அதனைப் பருந்துக்குத் தொலைவிலேயே காட்டிக்கொடுக்கும். வீடு திரும்பப் பழக்கிய புறாக்களை விடலாமே எனின், அவற்றிற்கும் பகலொளி வேண்டும். நம் விழாக்களோ பெரும்பாலும் மாலை விளக்கொளியில் நிகழ்வன.

பருந்துக்கு அஞ்சி வந்த புறாவின் பொருட்டுத் தன் உடலையே துலையில் இட்ட சிபியைச் சோழர்தம் முன்னோனாகப் போற்றியது தமிழ் மரபு. அம்மரபில் வந்த நாம், ஒரு கணக் கைதட்டலுக்காகப் புறாவைப் பருந்துக்கு ஈதல் முறையாகுமா?

ஆதலின் அச்செலவுப் பொருளை நம் ஏழை மாணாக்கர்க்குப் புத்தகம் வாங்க உதவுவோமாக. சமாதானத்திற்கு அறிகுறி வேண்டுமாயின், விழா முற்றத்தில் நீரும் தானியமும் வைப்போம். வேண்டிய பறவைகள் தாமே வந்து உண்டு செல்லும்.